ஏதுவும் 'ஆகவே'யும்

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிலர் ஒரு வாதத்தை மீண்டும் மீண்டும் கையாளக் காண்கிறோம். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவினர். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. ஆகவே உரைநடை வளர்ந்தது. இங்கு முடிபைத் தாங்கி நிற்பது சான்றன்று. 'ஆகவே' என்னும் சொல்லே.

இத்தகைய சொற்கள் இருவேறு பொருளில் வரும். ஒன்று மற்றொன்றைத் தோற்றுவித்தது எனக் காட்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிகிறோம் எனவும் காட்டும். தண்டியலங்காரம் ஏதுவணியைக் காரகவேது, ஞாபகவேது எனப் பகுத்தமை ஈண்டு நினையத்தக்கது. மணிமேகலையின் 29ஆம் காதை, புகையைக் கொண்டு மலையில் நெருப்பு உண்டெனத் துணிவதை எடுத்துக்காட்டுகிறது. புகை நெருப்பைத் தோற்றுவிப்பதில்லை, அறிவிக்கிறது. எனினும் இரண்டிடத்தும் 'ஆதலால்' என்றே சொல்கிறோம். இத்துணை நுட்பமான பகுப்பை அணியிலக்கணப் பாடத்தில் மனனஞ்செய்துவிட்டு, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

தமிழில் காரணங்காட்டும் குறி தனிச்சொல்லாகவே வரவேண்டும் என்பதுமில்லை. 'அச்சியந்திரம் வந்து உரைநடை வளர்ந்தது' என்னும் தொடரில் 'வந்து' என்ற வினையெச்சம் காலமுறையைக் கூறுகிறதா, காரணத்தைக் கூறுகிறதா? 'வந்தபின்' என்பதற்கு ஆண்டுக்குறிப்பே போதிய சான்று. 'வந்தமையால்' என்பதற்கு அது போதாது. இளம்பூரணர், நச்சினார்க்கினியர் ஆகியோரின் உரைகள் அச்சுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. எனவே, விளக்கப்பட வேண்டியது உரைநடையின் பிறப்பன்று; ஆசிரியர் துணையின்றிப் படிக்கும் புதிய வாசகனை நோக்கி அது திரும்பியமையே. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார், அச்சகம் நிறுவினார், 'பாலபாடம்' எழுதினார். மிஷன் பாடசாலைகளுடன் நேர்ந்த இப்போட்டியே உரைநடையின் திருப்பத்திற்கு அண்மைக் காரணம் என்பது நமது கருத்து. அச்சியந்திரம் அதற்குக் கருவியாயிற்று.

முற்போக்குத் திறனாய்வும் இவ்வினாவுக்குப் புறம்பானதன்று. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து நோக்கிற்று. அந்நோக்கைப் பின்பற்றியோருட் சிலர், 'சமூகம் மாறியது. எனவே இலக்கியம் மாறியது' என்ற வாய்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர். அந்த 'எனவே'க்குள் அடங்கியிருப்பவை பல: எவர் எழுத்தறிவு பெற்றனர், நூலை அச்சிடப் பணம் தந்தோர் யாவர், வாங்கியோர் யாவர், எப்பாடசாலை எவருக்குக் கதவடைத்தது. இவற்றுக்கு விடை தேடாத கட்டுரையில் காரகவேதுவை நாம் காண்பதில்லை. வெறும் புகையே எஞ்சுகிறது.