வறுமையும் வேற்றுமையும்: அரசியல் மேடைமொழி பற்றிய ஒரு நோக்கு

செய்யுளொன்றின் சொல்லாட்சியை நுணுகி ஆராயப் பயின்றவர் நாம். அப்பயிற்சியைத் தேர்தல் மேடைக்கு முன்னாற் கைவிட்டுவிட வேண்டுமென்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. ஓர் அரசியல்வாதி எவ்வளவு உண்மை பேசுகின்றார் என்பது ஒரு வினா. எத்தகைய வாக்கியங்களிற் பேசுகின்றார் என்பது மற்றொரு வினா. முதலாவதைப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுப்புகின்றன. இரண்டாவது தமிழ் கற்போருக்குரியது. வறியோரையும் நலிந்துவரும் மத்தியதர வர்க்கத்தினரையும் பற்றிய மேடைமொழியை இவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடைகளிற் பெருவழக்காயுள்ள வாக்கியங்கள் சிலவற்றை நினைவுகூர்வோம். 'வறிய மக்களுக்கு நிவாரணம் வழங்குவோம்', 'ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்போம்', 'கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கைகொடுப்போம்'. இவற்றிலெல்லாம் வறியோர் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றனர். 'கு' உருபின் பொருள்களை எண்ணும் நன்னூலார் முதலில் வைப்பது கொடையையே. கொடுப்போன் எழுவாயாகின்றான், கொள்வோன் உருபேற்று ஒதுங்குகின்றான். விதைக்கின்றவன், வலை வீசுகின்றவன், நெசவு செய்கின்றவள் என்று வறியோர் எழுவாயாக வரும் வாக்கியம் மேடையில் அரிதாகவே கேட்கின்றது.

மத்தியதர வர்க்கத்தின் நிலை சற்று வேறானது. அதற்கு எழுவாயாகும் உரிமை உண்டு. ஆயின் அதற்கு அளிக்கப்படும் பயனிலைகள் மிகச் சிலவே: அது பொறுத்துக்கொள்கின்றது, சுமையைத் தாங்குகின்றது, நாட்டுக்காகத் தியாகம் செய்கின்றது. இவை யாவும் வேண்டுகோள்களாக இருந்தும் பாராட்டுரைகள் போல ஒலிப்பன.

இவ்விரு சாராரையும் வருத்தும் செயல்களை உரைக்கும்போதோ எழுவாயே மறைந்துவிடுகின்றது. 'வரி விதிக்கப்பட்டுள்ளது', 'மானியம் நீக்கப்பட்டுள்ளது', 'விலைகள் அதிகரித்துள்ளன' என்பனவே அப்போது எழும் வாக்கியங்கள். கொடுக்கும்போது 'நாம்' என்னும் தன்மைப் பன்மை முன்னிற்கும். எடுக்கும்போது செயப்பாட்டுவினை வந்து அதன் இடத்தை நிரப்பும். அண்மைக்காலத்திற் பெருவழக்குப் பெற்ற 'விலைத்திருத்தம்' என்னும் தொடரும் இவ்வகையினதே. திருத்தம் என்பது பிழை உள்ள இடத்திற் செய்யப்படுவது. எனவே மண்ணெண்ணெயின் பழைய விலை ஒரு பிழை என்றும், அப்பிழையினாற் பயன்பெற்றவன் அதனை வாங்கியவன் என்றும் இச்சொல் சொல்லாமற் சொல்லுகின்றது.

இம்மொழி என்றும் இவ்வாறே இருந்ததன்று. ஈழத்தில் உணவரிசி தொடர்பாக நெடுங்காலம் வழங்கிய சொல் 'பங்கீடு' என்பதாகும். கூப்பன் கடையில் வாரந்தோறும் பெற்ற அரிசி ஒருவருடைய பங்கு. பங்கைக் கேட்பவன் இரவலன் ஆகான். 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கூலித் தொழிலாளியும் மாதச் சம்பளக்காரனும் ஒரே அரிசியை ஒரே விலைக்குப் பெற்றமையால் அவ்விலையுயர்வு இருவரையும் ஒருங்கே தாக்கியது. 1962இற் பங்கீட்டைக் குறைக்க முயன்ற நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலிற் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி, குறைக்கப்பட்டிருந்த இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்தது. சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவருவோம் என்று அப்போது பேசப்பட்டதாக இன்றும் நகைச்சுவையாக நினைவுகூர்வர். நகைப்புக்குரியதாயினும் அவ்வுறுதி நாட்டினர் அனைவரையும் நோக்கியதாக இருந்தமை கருதத்தக்கது.

திருப்பம் 1978இல் நிகழ்ந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டினின்றும் நீக்கப்பட்டன. 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலையாக நிற்க, விலைகள் ஏறின. பெறுமதி ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. 1953இற் போன்ற எதிர்ப்பு இம்முறை எழவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, எதிர்க்க வேண்டிய மக்கள் கோட்டின் இருபுறமும் பிரிக்கப்பட்டிருந்தமை எனலாம். 'உண்மையாகவே தேவையுடையோர்' என்னும் தொடர் இதன் பின்னரே செல்வாக்குப் பெற்றது. உண்மையான ஏழை ஒருவன் உளன் எனின், பொய்யான ஏழையும் உளன் என்றாகின்றது. கோட்டுக்குச் சற்று மேலே நின்ற எழுதுவினைஞரும் ஆசிரியரும் அன்று முதல் அப்பொய்யேழையின் நிழலில் வாழ்ந்துவருகின்றனர்.

பங்கு உதவியாக மாறிய பின்னர் திட்டங்களின் பெயர்கள் பெருமிதம் கொண்டன. 1989இல் வந்தது ஜனசவிய, அஃதாவது மக்கள் வலிமை. 1995இல் வந்தது சமுர்த்தி, அஃதாவது செழிப்பு. 2023இல் வந்தது அஸ்வெசும, அஃதாவது ஆறுதல். தமிழ் மக்களிடம் இப்பெயர்கள் பெயர்ப்பின்றியே வந்து சேர்ந்தமையால் அவற்றின் பொருள் மறைந்து, பயன் மட்டுமே எஞ்சியது. வாழைச்சேனையில் ஒருவர் 'எங்களுக்குச் சமுர்த்தி இருக்கு' என்று கூறினால், தாம் வறியவர் என்பதே அவர் கூற்றின் கருத்து. செழிப்பு என்னும் சொல் வறுமைக்குச் சான்றிதழாக நின்றது. 'சமுர்த்தி வெட்டுப்பட்டுட்டு' என்று கூறுபவர் வறுமையினின்றும் மீண்டுவிட்டதாகக் கூறவில்லை; தம் வறுமை இனிக் கணக்கில் இல்லை என்றே வருந்துகின்றார். அரசு வைத்த பெயரை மக்கள் வழக்கு இங்ஙனம் தலைகீழாக்கியமை, எந்த விமரிசகனும் செய்துவிட முடியாத விமரிசனம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இப்பிரிவினை மேலும் கூர்மையுற்றது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. 2023 ஜனவரி முதல் மாதம் 100,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு வருமான வரி விதிக்கப்பட்டது. 2025இலேயே அவ்வெல்லை 150,000 ஆக உயர்ந்தது. வரி செலுத்திய விரிவுரையாளர் தம்மை வறுமைப்படுத்துவதாக முறையிட்டபோது, வறியோருக்காகவே இத்தியாகம் என்று விடை கூறப்பட்டது. அதே ஆண்டில் அஸ்வெசும தன் பயனாளிகளை நான்கு படிகளாக வகுத்துத் தொடக்கத்தில் மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை வழங்கியது. பெயர்ப்பட்டியல்கள் வெளிவந்ததும் எனக்கு இல்லை, அவளுக்கு எவ்வாறு கிடைத்தது என்னும் கேள்வி ஒழுங்கைதோறும் எழுந்தது. நன்னூலார் நான்காம் வேற்றுமைப் பொருள்களிற் கொடையை அடுத்துப் பகையை எண்ணியிருப்பது எதேச்சையாயினும் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழ் அரசியல்வாதிகள் இக்குறையினின்றும் நீங்கியவரல்லர். மட்டக்களப்பு மேடைகளில் 'உரிமையா, அபிவிருத்தியா' என்னும் வினா தேர்தல்தோறும் எழுப்பப்படுகின்றது. உரிமை பேசுவோர் வயிற்றுப்பாட்டைப் பின்னர் பார்க்கலாம் என்கின்றனர். அபிவிருத்தி பேசுவோர் வீதியையும் கட்டடத்தையும் தம் கொடையாகக் காட்டுகின்றனர். உணவும் வேலையும் உரிமைகளே என்னும் மூன்றாவது வாக்கியத்துக்கு இவ்வினா இடந்தருவதில்லை.

எங்கள் ஊரின் கடதாசி ஆலையை இதற்குச் சான்றாக்கலாம். 1950களில் அரச முயற்சியாக எழுந்த அவ்வாலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. வயலிற் கழிவாகிய வைக்கோல் விலைபெற்றது. ஆலையில் தொழிலாளியும் எழுதுவினைஞரும் பொறியியலாளரும் ஒரே சங்கொலிக்கு எழுந்தனர். வறியோரையும் மத்தியதர வர்க்கத்தினரையும் ஓர் உற்பத்தி இணைத்தது. போர்க்காலத்தில் நலிந்த அவ்வாலையை மீட்பதாக வாக்களிக்காத தேர்தலை நாம் கண்டது அரிது. மீட்கும் முயற்சிகளும் இடையிடையே நிகழ்ந்தன. ஆயின் அவ்வாக்குறுதியும் 'இளைஞர்களுக்கு வேலை வழங்குவோம்' என்றே அமைகின்றது. கடதாசி செய்தவர்கள் இவ்வூரவர் என்பது அவ்வாக்கியத்தில் இல்லை.

இலக்கணத்தைத் திருத்தினாற் பசி தீருமோ என்று கேட்கலாம். தீராது. நிவாரணப் பணத்திலேயே உலை வைக்கும் வீடுகள் இப்பகுதியிற் பல; அப்பணத்தை இழித்துரைக்கும் உரிமை வயிறு நிறைந்தோர்க்கு இல்லை. எனினும் கொடுக்கும் முறை பொருட்டன்று என்பார்க்குப் புறநானூறு விடை தருகின்றது. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னை நேரிற் காணாமற் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். வறுமையை நன்கறிந்த அப்புலவர், தம் தகுதியறிந்து தரப்படின் அது தினையளவாயினும் போதும் என்றார். பெருஞ்சித்திரனார் மறுக்க முடிந்தது. குழந்தைக்குப் பால்மா வாங்க வேண்டிய தாய் மறுக்க முடியாது. அவள் சார்பில் அம்மறுப்பைச் சொல்லக் கடமைப்பட்டவர் எவர் என்பதே நம்முன் உள்ள வினா.

கோட்டின் மேற்புறத்தில் நிற்பவர்கள் கீழ்ப்புறத்தில் நிற்பவர்களைத் தம் வரிச்சுமையின் காரணமாகக் காணும்வரை மேடைமொழி மாறப்போவதில்லை. அடுத்த தேர்தற் கூட்டத்தில் 'நாங்கள் கொடுப்போம்' என்னும் குரல் எழும்போது, 'எங்கள் பங்கு எங்கே?' என்று இரு சாராரும் ஒருங்கே கேட்பராயின், மறைந்துநிற்கும் எழுவாய் வெளிப்பட்டே தீரும்.