அசல் முகங்களும் கதையின் உண்மையும்: குற்றச் சூழலில் வளரும் சிறுவர் படங்கள்

குற்றம் அன்றாடப் பிழைப்போடு கலந்துவிட்ட குடியிருப்புகளில் வளரும் சிறுவர்களைப் பற்றிய படங்களில், அந்த இடத்து மக்களையே நடிக்கவைப்பது நெடுநாளைய வழக்கம். படப்பிடிப்பு அதே போன்ற தெருக்களில் நடக்கும். பேச்சும் அந்தத் தெருவின் பேச்சாகவே இருக்கும். பிரேசிலின் ‘பிஷோட்’ (1980), ‘சிட்டி ஆஃப் காட்’ (2002), இத்தாலியின் ‘கொமோரா’ (2008), ‘ஆ சியாம்ப்ரா’ (2017) ஆகியவை இந்த வழக்கத்தின் முக்கியமான படைப்புகள். இவை தரும் நம்பகத்தன்மை பயிற்சி பெற்ற நடிகர்களால் எளிதில் எட்ட முடியாதது. ஆனால் அசலான முகமும் பேச்சும் தங்களுக்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. ஒரு சிறுவன் ஏன் குற்றத்துக்குள் போகிறான் என்று படம் சொல்லும் காரணத்துக்கும் சேர்த்தே அவை சாட்சி சொல்லிவிடுகின்றன. முகம் உண்மையாக இருப்பதால் காரணமும் உண்மையாகத்தான் இருக்கும் என்று பார்வையாளர் நம்பிவிடுகிறார். இந்த வழக்கத்தின் வலிமையும் குறையும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

‘சிட்டி ஆஃப் காட்’ படத்தின் தயாரிப்பு முறை இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. ரியோ டி ஜெனிரோவின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 1960களில் நகரின் மேற்கே கட்டப்பட்டது படத்தின் களமான சிடாடே டி டியூஸ் குடியிருப்பு. அங்கே வளர்ந்த பாவ்லோ லின்ஸ், மானிடவியலாளர் ஆல்பா ஜலுவாரின் கள ஆய்வில் பணிபுரிந்தபோது சேகரித்த தகவல்களிலிருந்து எழுதிய, படத்துக்கு மூலமான நாவல் 1997இல் வெளிவந்தது. இயக்குநர் பெர்னாண்டோ மெய்ரெலெஸும் இணை இயக்குநர் காத்தியா லுண்டும் ரியோவின் ஃபவேலாக்கள் எனப்படும் குடிசைப் பகுதிகளிலிருந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் நடிப்புப் பட்டறை நடத்தினார்கள். காட்சியின் சூழ்நிலை மட்டும் சொல்லப்பட்டது. வார்த்தைகளைப் பெரும்பாலும் இளைஞர்களே கண்டுபிடித்தார்கள். சண்டைக்கு நடுவே எழும் கேலி, பயத்தை மறைக்கும் சிரிப்பு, வயதுக்கு மீறிய அதட்டல் என்று படத்தில் உயிரோடு இருப்பவை எல்லாம் அந்தப் பட்டறையின் விளைச்சல். மேசையில் உட்கார்ந்து எழுதும் திரைக்கதையாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இவை அவருக்குக் கிட்டுவது அரிது.

இத்தனை அசல் தன்மைக்கு நடுவிலும், படத்தின் மையப் பாத்திரமான ஸே பெகேனோ எப்படி உருவானான் என்ற கேள்விக்கு விடை மெலிந்தே இருக்கிறது. சிறுவனாக ஒரு விடுதியில் புகுந்து சிரித்துக்கொண்டே சுடும் அவனுக்கு வீடு இல்லை, தாய் இல்லை, பசி கூட இல்லை; கொலை வெறி மட்டுமே இருக்கிறது. இது வளர்ச்சியின் கதை அல்ல, பிறவிக் கொடூரத்தின் கதை. குடியிருப்புக்கு வெளியே உள்ள நகரமும் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறது. துப்பாக்கி விற்கும் போலீஸ்காரர்கள் வந்துபோகிறார்கள். கொக்கெய்ன் எங்கிருந்து வருகிறது, அதன் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பவை படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. வேகமான படத்தொகுப்பும் பளிச்சிடும் ஒளிப்பதிவும் சாவைக் கிளர்ச்சியாக மாற்றுகின்றன. இயக்குநர் கிளாபர் ரோச்சா 1965இல் முன்வைத்த ‘பசியின் அழகியல்’ என்ற கருத்தை நினைவூட்டி, இப்படிப்பட்ட படங்கள் பசிக்கு ஒப்பனை செய்கின்றன என்று பிரேசில் விமர்சகர் இவானா பென்டெஸ் கண்டித்தார். அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்த ராப் பாடகர் எம்.வி. பில்லும் படத்தைக் கடுமையாக எதிர்த்தார். பென்டெஸின் கண்டனம் பட்டறையின் சாதனையைப் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. ஆனாலும் அதன் சாரம் சரியானதே: உடல்மொழியில் கிடைத்த உண்மை கதையின் காரணங்களில் கிடைக்கவில்லை.

அதே பட்டறையில் உருவான சிறுவர்கள் நடித்து 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான ‘சிட்டி ஆஃப் மென்’ தொலைக்காட்சித் தொடர் இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தது. அதில் துப்பாக்கி பின்னணியில் நிற்கிறது. பள்ளி, காதல், வேலை தேடுதல் ஆகியவை முன்னால் வருகின்றன. ஒரு பகுதி முழுவதும் மலைக் குடியிருப்புக்குத் தபால் வந்து சேராத சிக்கலைப் பற்றியது. ஃபவேலாவில் வளர்வது எப்படிப்பட்டது என்று அறிய விரும்புபவருக்குப் படத்தைவிட இத்தொடரே கூடுதலாகச் சொல்கிறது.

மத்தேயோ கர்ரோனேவின் ‘கொமோரா’, ராபர்ட்டோ சவியானோ 2006இல் வெளியிட்ட நூலிலிருந்து உருவானது. நேப்பிள்ஸின் ஸ்காம்பியா பகுதியில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் வட்டாரப் பேச்சு, இத்தாலியத் திரையரங்குகளிலேயே சப்டைட்டில் கேட்டது. மளிகைச் சாமான்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தோத்தோ என்ற சிறுவன் காமோரா என்ற குற்றக் கும்பலில் சேர்கிறான். குண்டு துளைக்காத உடுப்பை மாட்டி, மார்பில் சுட்டு அவன் தைரியத்தைச் சோதிக்கிறார்கள். பார்ப்பவர் மனதில் தங்குவது இந்தக் காட்சிதான். ஆனால் அவன் உண்மையில் பெரியவனாவது இங்கே அல்ல. சாமான் கொடுத்துப் பழகிய பெண்ணைக் கொலையாளிகள் முன் வரும்படி அழைக்கச் சொல்லி அவனைக் கட்டாயப்படுத்துகிறார்களே, அந்தக் கணத்தில்தான் அவன் பிள்ளைப்பருவம் முடிகிறது. குற்றத்துக்குள் நுழைவது என்பது முதல் கொலை அல்ல, முதல் துரோகம் என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அமெரிக்கப் படமான ‘ஸ்கார்ஃபேஸ்’ வசனங்களைச் சொல்லித் துப்பாக்கி விளையாட்டு விளையாடும் இரு இளைஞர்களும் இதில் வருகிறார்கள். காமோரா தலைவர் ஒருவர் அந்தப் பட நாயகனின் மாளிகையைப் பார்த்துத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டதை சவியானோவின் நூல் பதிவு செய்கிறது. குற்றவாளிகளே சினிமாவைப் பார்த்து நடந்துகொள்ளும் இடத்தில், அசல் எது நகல் எது என்று பிரிப்பது கடினம். அந்தக் கடினத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது ‘கொமோரா’வின் பெரிய பலம்.

இவற்றில் மிக ஆழமாகச் சென்ற படம் ஜோனாஸ் கார்ப்பிஞ்ஞானோவின் ‘ஆ சியாம்ப்ரா’. தெற்கு இத்தாலியின் ஜோயா தவுரோ ஊரில் உள்ள ரோமா மக்களின் குடியிருப்பைப் பற்றியது அது. 2011இல் தன் கார் படக்கருவிகளோடு திருடுபோக, அதை மீட்பதற்காகத்தான் இயக்குநர் அங்கே முதலில் போனார். பின்பு அந்த ஊரிலேயே தங்கிப் பழகினார். அமாட்டோ குடும்பத்தினர் தங்கள் சொந்தப் பெயர்களிலேயே நடித்தார்கள். தந்தையும் அண்ணனும் கைதானதும் 14 வயது பியோ வீட்டுச் செலவுக்குப் பணம் புரட்டக் கிளம்புகிறான். காரைத் திருடி, உரிமையாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவது அவன் கற்ற தொழில்களில் ஒன்று. உள்ளூர் மாஃபியாக்காரர்கள் மேலே, ரோமா மக்கள் அவர்களுக்குக் கீழே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொழிலாளர்கள் எல்லோருக்கும் கீழே என்ற அடுக்கு, விளக்க வசனம் இல்லாமலேயே தெளிவாகிறது. புர்கினா ஃபாசோவிலிருந்து வந்த அய்வா பியோவுக்கு அண்ணனைப் போன்றவன். கடைசியில் அவனுடைய பொருள்கள் களவுபோக பியோ துணைபோக வேண்டியிருக்கிறது. இங்கும் குற்றத்தின் வாசற்படி துரோகம்தான். ஆனால் அது கும்பலின் மிரட்டலால் மட்டும் வருவதல்ல. குடும்பப் பாசத்தின் விலையாகவும் வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் அந்த நீண்ட சாப்பாட்டுக் காட்சியில் வீட்டின் கதகதப்பைப் பார்த்துவிட்ட பார்வையாளருக்கு, பியோ ஏன் அய்வாவைக் கைவிட்டான் என்று தனியே விளக்கத் தேவையில்லை.

சொந்தப் பெயரில் நடிப்பது படத்துக்குத் தந்த பலம் அந்தக் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஆபத்தாகவும் இருக்கிறது. 2008இல் இத்தாலிய அரசு ரோமா முகாம்களைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்து, அங்கிருப்பவர்களின் கைரேகைகளைப் பதிவு செய்தது. ரோமா என்றாலே திருடர் என்ற தப்பெண்ணம் ஊறிய நாட்டில், உண்மையான குடும்பம் உண்மையான பெயரோடு திருடுவதைக் காட்டும் படம் அந்தத் தப்பெண்ணத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படலாம். படத்தின் பரிவு இதைக் குறைக்கிறது; முற்றிலும் நீக்கவில்லை. இதற்கு மாறாக, இங்கிலாந்தின் நாடோடிக் குடும்பமொன்றைப் பற்றிய ‘ட்ரெஸ்பாஸ் எகெய்ன்ஸ்ட் அஸ்’ (2016) புகழ்பெற்ற நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் பிரெண்டன் கிளீசனும் அந்த மண்ணின் முகங்கள் அல்லர். கார்த் துரத்தல்கள் படத்தைச் சாகசமாக்கிவிடுகின்றன. இருந்தும், பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தடுக்கும் தாத்தாவுக்கும், படிக்கத் தெரியாத தன் நிலை அவர்களுக்கு வரக் கூடாது என்று தவிக்கும் தந்தைக்கும் இடையிலான இழுபறி நம்பும்படி இருக்கிறது. வெளியாள் நடித்தாலும் உறவின் உண்மை கைகூடலாம் என்பதற்கு இது சான்று.

நடித்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் திறனாய்வின் எல்லைக்குள்தான் வரும். ‘பிஷோட்’ படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் ஹெக்டர் பபென்கோ, சிறுவன் பெர்னாண்டோ ராமோஸ் ட சில்வாவை அவன் தாயோடு காட்டி, அவனும் இப்படிப்பட்ட குடியிருப்பில் வாழ்பவனே என்று அறிமுகப்படுத்துகிறார். படம் உலகப் புகழ் பெற்றது. அந்த இளைஞன் 1987இல், 19 வயதில், போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். ‘கொமோரா’வில் நடித்த சிலர் பின்னர் காமோரா தொடர்புக்காகக் கைதானார்கள். ‘சிட்டி ஆஃப் காட்’ நடிகர்களின் பிற்கால வாழ்க்கையைத் தேடிச் சென்ற 2013ஆம் ஆண்டு ஆவணப்படம், சிலர் மேலே வந்ததையும் பலர் பழைய வறுமையிலேயே இருப்பதையும் பதிவு செய்தது. ‘சிட்டி ஆஃப் காட்’ பட்டறை இளைஞர்களுக்குத் திரைப்படக் கலை கற்பிக்கும் அமைப்பாகத் தொடர்ந்தது. அந்தப் படம் விட்டுச்சென்ற நல்ல விளைவுகளில் இது முதன்மையானது. கார்ப்பிஞ்ஞானோ ஜோயா தவுரோவில் ‘மெடிட்டரேனியா’ (2015), ‘ஆ கியாரா’ (2021) ஆகிய படங்களையும் எடுத்தார். பியோ அமாட்டோ மூன்றிலும் வருகிறான். பல ஆண்டுகள் ஓர் ஊரோடு தங்கிப் பழகும் இந்த முறை படப்பிடிப்பு நாள்களுக்குக் கணக்குப் பார்க்கும் தயாரிப்பாளர்களுக்கு ஒத்துவராது. ஆனால் தெருவின் பேச்சோடு வீட்டின் காரணங்களையும் திரைக்குக் கொண்டுவந்தது இந்த முறைதான்.