தும்பை வாசம்

திருவனந்தபுரத்தில் மழை விட்ட காலையில் மதிலோரம் குனிந்து பார்த்தால் தும்பை நிற்கும். நான்கு பட்டைத் தண்டு, விரலில் உரசும் பூனைமயிர், பச்சை உருண்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பூ. ஒன்றை உருவி அடியை உறிஞ்சினால் நாக்கு நுனியில் தேன், ஒரு நொடிதான். ராக்கெட் கிளம்பும் தும்பாவுக்கும் இந்தப் பூவால்தான் பெயர் என்பார்கள். ஓணத்தில் அத்தப்பூக்களத்துக்கும் இது வேண்டும்.

எனக்குப் பிடித்தது அடுக்களைத் தும்பை. ஜலதோஷம் என்றால் பாட்டி ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிக் கொதிநீரில் போட்டு, தலையோடு போர்வையை மூடிவிடுவாள். பச்சைக் காரம் முதலில் கண்ணைக் கரிக்கும். “நல்லா இழுடா” என்று வெளியிலிருந்து குரல். காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம்தான். அது பாட்டிக்கும் தெரியும். போர்வைக்குள் வியர்வை சொட்டச் சொட்ட, அடைத்த மூக்கு மெல்ல, ஒரு பக்கம் மட்டும், திறக்கும்.