எட்டு வாரத்தில் வளர்வது யார்?

சித்தி பொண்ணு பிரெஞ்சு எம்.ஏ. முடித்திருக்கிறாள். பிரான்ஸ் பள்ளிகளில் ஆங்கில உதவியாளராகப் போகும் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். "அக்கா, இந்த லெட்டரக் கொஞ்சம் பாத்துக் குடு"ன்னு அனுப்பியிருந்தாள். ஒரு பக்கக் கடிதத்தில் "தனிப்பட்ட வளர்ச்சி" என்ற சொல் ஐந்து முறை வருகிறது. இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். வெளிநாட்டுப் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்களாக இருந்துவிட்டு வந்தவர்கள் எழுதிய அனுபவக் கட்டுரைகளை வரிசையாக அனுப்பிவைத்தாள். இரண்டு வாரமாக அவற்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். முப்பதுக்குக் குறையாது. இந்தக் குறிப்பு அவற்றைப் பற்றியது.

அநேகமாக எல்லாம் ஒரே கதை. விமான நிலையத்தில் பயம். முதல் வாரம் பார்ப்பதெல்லாம் அதிசயம்: வெயில், தெரு, சாப்பாடு. மூன்றாவது வாரம் ஒரு அழுகை. அதுவும் பெரும்பாலும் வகுப்பறையில் இல்லை, குளியலறையிலோ பேருந்திலோ. அப்புறம் தைரியம் வருகிறது. கடைசி வாரம் குழந்தைகள் வரைந்து கொடுத்த படங்கள், ஒரு குரூப் போட்டோ. முடிவில் அந்த வரி: நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம்.

இந்த வரியைப் பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகத்தான் இருக்கும், அதுதான் பிரச்சினையே. கொஞ்சம் நேராகப் படித்தால் அது ஒரு வாக்குமூலம். அந்த வகுப்பில் நடந்த கொடுக்கல் வாங்கலில் லாபம் எனக்கு வந்தது என்று எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார், நாமும் பணிவு என்று படித்துவிட்டுப் போகிறோம்.

முப்பது கட்டுரையிலும் நான் தேடியது ஒன்றே ஒன்று: சரியாகப் போகாத ஒரு பாடம். எந்தப் பாடம், எந்த இடத்தில் சறுக்கியது, மறுநாள் அதை எப்படி மாற்றினார். இரண்டே இரண்டு கட்டுரைகளில் கிடைத்தது. மற்றவற்றில் குழந்தைகளுக்குப் புன்னகை இருக்கிறது, கண்கள் இருக்கின்றன, சந்தேகம் மட்டும் இல்லை.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. 2005இல் எனக்கு வயது ஒன்பது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் வீராம்பட்டினத்தில் படகும் வலையும் போன வீடுகள் நிறைய. உதவி செய்ய வெளியிலிருந்து பலர் வந்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். அதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே ஆசிரியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவள், பயிற்சிக்காக வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். பாட்டுப் பாடிக் கைகால்களின் பெயர் சொல்லிக்கொடுத்தாள், நிறங்கள் சொல்லிக்கொடுத்தாள். கடைசிவரை என்னை வேறொருத்தி பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். நானும் "எஸ் மிஸ்"ன்னு எழுந்து நின்றேன். எனக்கு அவளைப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. கிளம்பும் நாளில் அவள் அழுதாள். நாங்கள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து இன்னொருத்தி வந்தாள். மறுபடியும் நிறங்கள். மூன்றாவதாக வந்தவரும் சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தார். சத்தமாக, சந்தோஷமாகவே "ரெட்"டுன்னு கத்தினோம். எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் பின்னத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று வாயில் வரும், சிலேட்டில் வராது. அதை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது முதல் வகுப்பு, ஆகவே எங்களுக்கும் முதல் வகுப்பாகவே இருக்கவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பின்னம் எங்கள் கடற்கரையிலேயே கிடந்தது. மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது படகுக்கு இத்தனை பங்கு, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பங்கு போடுவார்கள். சின்னப் பையன் போயிருந்தால் அவனுக்கு அரைப் பங்கு. ஆயா மீனைக் கூறு கட்டி விற்கும்போது பாதிக் கூறு கேட்பவர்களுக்கு ஒரு விலை சொல்லும், அது சரிபாதி விலையாக இருக்காது. பின்னத்தை அதைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுத்துவிட முடியும்? ஆனால் அதைப் பார்க்கத் தமிழ் வேண்டும், விடியற்காலையில் கரையில் நிற்க வேண்டும், முக்கியமாக நாள் வேண்டும்.

வெள்ளைக்காரர் ஏழை நாட்டுக்கு வந்து தன்னை மீட்பராகப் பார்த்துக்கொள்கிறார் என்ற விமர்சனம் ஏற்கெனவே உண்டு. எழுத்தாளர் டெஜு கோல் 2012இல் எழுதியதற்குப் பிறகு அந்தக் கம்பு எல்லார் கையிலும் இருக்கிறது. எடுத்து அடிப்பது சுலபம். ஆனால் எங்களிடம் வந்த பெண் மீட்பராக வரவில்லை, பாவம், பயந்துகொண்டே வந்த இருபது வயதுப் பிள்ளை. கேள்வி அவளுடைய மனசைப் பற்றியதில்லை. அவளை அனுப்பிய ஏற்பாடு எதை அளக்கிறது என்பதுதான்.

இந்தத் துறையில் ஆராய்ச்சியும் இருக்கிறது. கென்னத் குஷ்னர், ஜெனிஃபர் மாஹன் இருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரையை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் பயிற்சி எடுத்த அமெரிக்க மாணவ ஆசிரியர்கள் தன்னம்பிக்கையிலும் பிற பண்பாடுகளைப் பற்றிய புரிதலிலும் வளர்ந்து திரும்புகிறார்கள் என்கிறது அது. இதற்கு ஆதாரம் போய்வந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. ஆரம்பக் கட்டத்து ஆய்வு அப்படித்தான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாணியே நிலைத்துவிட்டது. கேள்வித்தாள் விமானம் ஏறிப் போனவரிடமே போகிறது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வருவதில்லை. அந்த வகுப்புக்கு மறுநாள் திரும்பி வந்த உள்ளூர் டீச்சருக்கும் வருவதில்லை.

இன்னொரு பழைய ஆய்வு இதைவிட எனக்கு உபயோகமாக இருந்தது. 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர், ஃபுல்பிரைட் உதவியில் அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்கள் 200 பேரைப் பற்றி எழுதியது. ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகப் பொருந்திப்போனதாகச் சொன்னார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. நடுவில் இருந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். இறங்கி ஏறும் இந்த வளைவு எல்லாருக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். இருந்தாலும் பாதி சரி என்று வைத்துக்கொண்டால்கூட, எட்டு வாரத்தில் திரும்பியவர் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது வாரத்து அழுகை வீட்டு நினைப்பு. நான் சொல்வது வேறு பள்ளம்: நான் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லையோ என்று ஒரு ஆசிரியருக்குத் தோன்றும் நாள். அது ஆறு மாதம் கழித்துத்தான் வரும். நம்மூர் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் முதல் வருஷத்தின் நடுவில் என்பார்கள்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், ஊர்ப்பாசம், மன்னிக்கவும். எங்கள் ஊரை ஒட்டித்தான் அரிக்கமேடு. முதலில் அங்கே ஆர்வம் காட்டிய பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து மணிகளைச் சேகரித்தவர். 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். அவர் தேடி வந்ததே ரோமானியப் பொருட்களைத்தான். இத்தாலியின் அரெஸ்ஸோ பானை ஓடுகளுக்குக் காலம் தெரியும், அதோடு சேர்ந்து கிடைக்கும் நம்மூர்ப் பானைகளுக்கும் அதைவைத்துக் காலம் சொல்லிவிடலாம். கெட்டிக்கார யோசனை, தென்னிந்தியத் தொல்லியலுக்கு அதனால் நிறைய நன்மை. ஆனால் ரோமானியர் தொடர்புதான் அந்த ஊரை உண்டாக்கியது என்பதுபோல ஒரு சித்திரமும் அதோடு வந்துவிட்டது. விமலா பெக்லி பழைய சான்றுகளை மறுபடி படித்து, 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டிய பிறகுதான் ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பது அழுத்தமாகச் சொல்லப்பட்டது. வெளியிலிருந்து வருகிறவர் தனக்குத் தெரிந்த ஓட்டைத்தான் முதலில் பொறுக்குவார். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

அப்படியானால் வெளிநாட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதே வீணா? இல்லை. நம் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: மார்ஜரி சைக்ஸ். இங்கிலாந்தில் 1905இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு, 1928இல் சென்னை வேப்பேரியில் இருந்த பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு வந்தார். இருபத்துமூன்று வயது, இந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்களின் வயதுதான். வந்து தமிழ் கற்றுக்கொண்டார். பத்து வருஷம் அங்கேயே இருந்தார், தலைமை ஆசிரியராகவும் ஆனார். பிறகு சாந்திநிகேதன் போய் வங்காளி கற்று, தாகூரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதற்கும் பிறகு சேவாகிராமத்தில் ஆதாரக் கல்விக்கு ஆசிரியர்களைப் பழக்கினார். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் பல வருஷம் வாழ்ந்தார். இந்தியக் குடிமகளும் ஆனார். 1995இல் இறந்தார்.

சைக்ஸைக் காட்டி எல்லாரும் வாழ்நாள் முழுக்க இருங்கள் என்று சொல்வது அபத்தம். நான் கவனிப்பது வரிசையை. முதலில் மொழி, அப்புறம் பள்ளிக்கூடம், அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் கல்வியைப் பற்றிய சொந்தக் கருத்துகள். ஆதாரக் கல்வி என்பதே நூற்பு, விவசாயம் மாதிரி கைத்தொழிலிலிருந்து கணக்கையும் மொழியையும் எடுப்பது. எங்கள் கரையில் பங்கு போடுவதைப் பார்த்தால் பின்னம் என்று கண்டுபிடித்திருக்கக்கூடிய ஆள் அவர். பயிற்சிக் கட்டுரைகளில் இந்த வரிசை தலைகீழ். கருத்து ஆறாவது வாரமே வந்துவிடுகிறது, மொழியில் கடைசிவரை "வணக்கம்", "நன்றி" இரண்டும்தான்.

எதிர்த் திசையிலும் இதையே பார்க்கலாம். சித்தி பொண்ணு கேட்கும் உதவியாளர் திட்டம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. பொதுவாக ஏழு மாதம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், பாதி வகுப்பை வைத்துப் பேச்சுப் பயிற்சி. அதில் போய்வந்த ஒரு தோழியிடம் பேசினேன். முதலில் அவளும் குளிர், வங்கிக் கணக்கு, வாடகைக் கதைதான் சொன்னாள். இந்தியாவைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம், யானையைப் பற்றிக் கேட்டார்களாம். "மணக்குள விநாயகர் கோயில் யானையத் தவிர நான் எந்த யானையப் பாத்தேன்?" என்று சிரித்தாள்.

பிறகு ஒன்று சொன்னாள். அங்கே பிள்ளைகள் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாயே திறக்க மாட்டார்களாம். ஒரு சின்ன நோட்டில் யார் இன்றைக்குப் பேசவில்லை என்று மட்டும் தினமும் குறித்துவைத்தாள். பேசியவர்கள் பெயர் வேண்டாம், பேசாதவர்கள் பெயர். இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள், இங்கேயும் அந்த நோட்டு இருக்கிறது. திரும்பி வந்தபிறகு ஊரில் ஒரு நோட்டு மிச்சமிருக்கிறது பாருங்கள், இதை வளர்ச்சி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். அவள் எழுதிக்கொடுத்த அறிக்கையில் இது இருந்ததா என்று கேட்டேன். இல்லையாம். "அதெல்லாம் யாரு கேட்டா?"

நம்மூர் பி.எட்.டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள்படி படிப்பு இரண்டு வருஷம், அதில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி: முதல் வருஷம் நான்கு, இரண்டாம் வருஷம் பதினாறு. எட்டு வாரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதன் முடிவில் கொடுக்கவேண்டிய ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்கு எப்படி இறங்குகிறது என்பது பி.எட். படித்த எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டுக் கட்டுரையில் எல்லாரும் ஒரே மாதிரி வளர்கிறார்கள், இங்கே ரெக்கார்டில் எல்லாரும் ஒரே மாதிரி பாடம் நடத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண் பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனால், நாற்று நடவு சமயத்தில் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அவளுக்குப் புரியாது. கடல் தெரியும், வயல் தெரியாது. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலேயே வெளிநாடு இருக்கிறது, அதை எழுத ரெக்கார்டில் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

கடிதத்துக்கு வருகிறேன். அவள் வார இறுதியில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அதைக் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. "அது சும்மா வீட்டுத் திண்ணையில எடுக்கறதுக்கா, அத எப்படி எழுதறது" என்றாள். அதைத்தான் எழுது என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் வாய் திறக்காமல் இருந்ததும், இவள் செய்துபார்த்த மூன்று வழிகளில் இரண்டு பலிக்காமல் போனதும் இப்போது இரண்டாவது பத்தி. மூன்றாவதும் பாதிதான் பலித்தது, அதையும் எழுதியிருக்கிறாள்.

"இப்படி எழுதுனா செலக்ட் பண்ணுவாங்களா?"ன்னு கேட்டாள். தெரியாது என்றேன். ஐந்து "வளர்ச்சி"யில் ஒன்றையாவது விட்டுவைக்கச் சொன்னாள். கடைசிப் பத்தியில் ஒன்று இருக்கிறது.