கொற்கையில் ஆயிரம் கண்ணகிகள்

சிலப்பதிகாரத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையை வகுப்பில் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். மழை பெய்தது, நோய் நீங்கியது என்கிறது அது. சிலம்பைத் திருடியவன் ஒருவன், செத்தவர் ஆயிரவர். அவர்களுக்கும் மனைவியர் இருந்திருப்பார்களே! ஒரு கண்ணகியை ஆற்ற ஆயிரம் கண்ணகிகள்.

மதுரையை எரித்தவள்தான் கண்ணகி. ஆனால் அதற்குமுன் அவள் அரசவைக்கு நேரில் போனாள். சிலம்பின் பரல் கொற்கை முத்தா, மாணிக்கமா என்று உடைத்துக் காட்டினாள். தவறு தன்னுடையது என்று அரசன் அவள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டான். குற்றம் இழைத்தவரும் இழந்தவரும் எதிரெதிரே அமர்வதை இன்று சீரமைப்பு நீதி என்கிறோம். அதன் முதல் படி வழக்குரை காதையில் இருக்கிறது. அரசன் விழுந்து இறந்ததும் பேச்சு அறுந்தது. கொற்கையில் சடங்கு மட்டும் மிஞ்சியது.

அப்படியொரு சந்திப்பு நம் காலத்திலும் நடந்தது. 2008இல் வேலூர் சிறையில், தந்தையின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைப் பிரியங்கா சந்தித்தார். எந்த அரசுத் திட்டமும் அதை ஏற்பாடு செய்யவில்லை. அவராகத் தேடிப் போனார். எல்லாப் பெண்களுக்கும் சிறைக்கதவு அப்படித் திறக்குமா?

கொற்கையின் இன்றைய துறைமுகம் தூத்துக்குடி. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் இங்கே 13 பேர் இறந்தார்கள். குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள், அரசு வேலையும் கொடுத்தார்கள். "ஏன் சுட்டாய்?" என்று ஒரு தாய் நேரில் கேட்க அவற்றில் இடமில்லை.