பனிச்சுவரும் ஒரு மீட்டரும்

உமிழ்வு குறையாவிட்டால் அண்டார்டிகா மட்டுமே 2100-க்குள் கடல்மட்டத்தை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தலாம் என்றது, 2016-ல் நேச்சர் இதழில் டிகாண்டோவும் பொல்லார்டும் எழுதிய கட்டுரை.

இந்த எண் எங்கிருந்து வருது? கடலுக்கு மேல் சுமார் 100 மீட்டர் நிற்கும் பனிச்சுவர் தன் எடை தாங்காமல் இடியும். இந்த இயற்பியல்ல எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா இடியும் வேகத்தை, பழங்காலக் கடல்மட்டத்துக்குப் பொருந்துற மாதிரி வச்சிருக்காங்க. அந்தக் கடல்மட்டமே பல மீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

2019-ல் எட்வர்ட்ஸ் குழு, சுவர் இடியாமலேயே பழைய தரவு பொருந்தும் எனக் காட்டியது. 2021-ல் டிகாண்டோ குழுவே, அதிக உமிழ்வுக்கும் 34 சென்டிமீட்டருக்கு இறங்கியது.

அப்போ பயம் தீர்ந்ததா? இல்லை. அதே 2021 கட்டுரையில் 2300-க்கான உயர்வு மீட்டர் கணக்கில்தான் இருக்கு. மாடலைவிட, 2100-லயே படிப்பை நிறுத்திக்கிற நம்ம பழக்கம்தான் எனக்குப் பெரிய குறையாத் தெரியுது.