பி0171

என் பழைய காரின் மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு அணைவதே இல்லை. ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அழித்தால் இரண்டே நாளில் திரும்ப வந்துவிடும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன், காசுதான் போனது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஐடிலில் ஓடவிட்டு ஃப்யூவல் டிரிம்மை, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் ஈடுகட்டக் கூடுதலாக விடும் பெட்ரோலின் அளவைப் பார்த்தார்: 22 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தார்; 6-க்கு இறங்கியது. "எங்கேயோ திருட்டுக் காத்து போகுது சார்," என்றார். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்று குறைவு, உறிஞ்சும் விசையோ அதிகம். அதனால் சின்ன ஓட்டைகூட அப்போதுதான் பெரிதாகத் தெரியும். எவ்வளவு அழகான கணக்கு!

பிறகு, சூடான எக்ஸாஸ்ட் பக்கம் படாமல், இன்டேக் ஹோஸ்களின் மேல் கார்புரேட்டர் கிளீனரைத் துளித்துளியாக அடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. பிசிவி ஹோஸின் (கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிவளைவில், விரலால் மடக்கினால் மட்டும் வாய் திறக்கும் ஒரு மயிரிழை வெடிப்பு. அந்த இடத்தை என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

புது ஹோஸ் 180 ரூபாய். உங்கள் வண்டியிலும் இதே குறியீடு வந்தால், சென்சார் வாங்கப் போகுமுன் ஹோஸை ஒருமுறை மடக்கிப் பாருங்கள்.